எந்த இடம் என்று கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே! எங்கள் கொதிகலன் பட்டறையின் இளைய முதலாளி, தம்பி சித்தார்த்தன் அவர்களே! நாளைக் காலை தன் மண்டபத்தில் ஆவணி மாதத்தின் முதல் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு, அத்தனை வேலைக்கு நடுவிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து இந்தப் பாலக்கரை வரை வந்திருக்கும் கல்யாண மண்டப மேலாளர் நவநீதன் அவர்களே! முன்வரிசையில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் அண்ணி இருதயமேரி அவர்களே! துவாக்குடியிலிருந்து ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் வெல்டர் தோழர்களே! தாய்மார்களே! உங்கள் எல்லோர் முன்னும் தலை கவிழ்ந்து வணங்குகிறேன்.

நான் வீரமலை. முப்பத்தொரு வருடம் அவருக்கு அடுத்த டேபிளில் நின்று இரும்பை ஒட்டியவன். மேடை எனக்குப் புதிதல்ல. யூனியன் கூட்டமா, கூப்பிடு வீரமலையை! பொங்கல் விழாவா, கூப்பிடு வீரமலையை! இந்த வாய் வாங்கிய கைதட்டலுக்குக் கணக்கில்லை. ஆனால் இன்றைக்கு இந்த மேடைப் படி ஏற எனக்கு வெகு நேரம் பிடித்தது. வயதாகிவிட்டதால் என்று நினைக்காதீர்கள். காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. யார் போனார்? எங்கள் தலைமை ஃபோர்மேன் இன்னாசிராஜ் போனார்! முப்பத்தெட்டு வருடம் கொதிகலன் டிரம்முக்குள் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் தேய்ந்த இன்னாசிராஜ் போனார்! இன்றோடு ஏழு நாள். போனவர் சும்மா போகவில்லை. ஒரு வேலையை என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது இந்த ஏழு நாளும் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்கிறேன். எங்கள் தொழில் தெரியாத தாய்மார்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தகட்டை வளைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெல்டிங் வைப்போம். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். உள்ளே அடி பிடித்திருக்கிறதா, அதாவது அடிவரை இரும்பு ஒட்டியிருக்கிறதா, இல்லையா? கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஜாயிண்டை எக்ஸ்ரே எடுப்போம். நல்ல ஜாயிண்ட் என்றால் படம் சீராக இருக்கும். உள்ளே பிடிக்கவில்லை என்றால் கறுப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழுந்தால் வெல்டர் பெயருக்கு நேரே 'ரிப்பேர்' என்று எழுதிவிடுவார்கள். ஒரு வெல்டருக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. பெற்ற தாயைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வான், ரிப்பேர் என்றால் பொறுக்க மாட்டான்!

ரிப்பேர் என்றதும் எங்களில் யாராக இருந்தாலும் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "யாருய்யா சொன்னது?" சொன்னவன் எந்த ஊர், என்ன படித்தான், எத்தனை வருட சர்வீஸ், அவனுக்கும் எனக்கும் என்ன பகை? இதை எல்லாம் தோண்டி எடுத்துவிடுவோம். ஓட்டையை மட்டும் பார்க்க மாட்டோம். இன்னாசிராஜ் அப்படிக் கேட்டு நான் ஒரு நாள் பார்த்ததில்லை. அவர் கேட்டது இரண்டே வார்த்தை: "எந்த இடம்?"

அவ்வளவுதான் ஐயா! நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் சொன்னாலும் "எந்த இடம்?" டீ கொண்டு வருகிற அம்மா "அண்ணே, இங்க என்னமோ கோணலா தெரியுதே" என்றாலும் "எந்த இடம்மா?" டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். கோபமே வராத மகான் என்று கதை விட நான் வரவில்லை. கோபம் வரும். காது இரண்டும் குங்குமமாகச் சிவந்துவிடும். நேரே பானைப் பக்கம் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். திரும்பி வந்துதான் கேட்பார். நாங்கள் அவர் பின்னால் சிரிப்போம். "அண்ணன் தண்ணி குடிக்கப் போயிட்டாரு, யாரோ ஓட்டை கண்டுபிடிச்சிட்டாங்கடா" என்று கேலி செய்வோம். அவர் காதிலும் விழும்.

தன் பெயரில் ரிப்பேர் விழுந்த எக்ஸ்ரே படங்களைத் தன் டேபிளுக்கு மேலே ஜன்னலில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். வெயில் பட்டால் கறுப்புக் கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஒருமுறை வங்கியிலிருந்து வந்த அதிகாரி அதைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ, உங்க நெஞ்சு எக்ஸ்ரேவாங்க? டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. இன்னாசிராஜ் சிரிக்காமல் சொன்னார்: "ஆமாங்க, என்னுதுதான். அப்பப்போ பார்த்துக்குவேன்."

கோயில் பாடற்குழுவில் அவர் பாடியது இங்கே எல்லோருக்கும் தெரியும். சுதி அவருக்குத் தூரத்துச் சொந்தம்! பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, "தாத்தா, நீங்க மேல போயிடுறீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு என்ன செய்தார்? அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். "நான் மேல போனா என் சட்டையைப் புடிச்சு இழு தாயி" என்றார். அன்று அந்தப் பிள்ளை இழுத்த இழுப்பில் பட்டன் போனது! அண்ணி, நீங்கள்தான் அதைத் தைத்துக் கொடுத்தீர்கள். உங்கள் முகத்தில் இப்போது லேசாகச் சிரிப்பு வந்ததைப் பார்த்துவிட்டேன். சந்தோஷம்.

இனி நான் பேசப் போவது உங்களுக்குச் சந்தோஷம் தராது.

தோழர்களே! இந்தச் சித்திரை மாதக் கடைசியில் அண்ணன் பத்து நாள் லீவில் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். பட்டறை என் பொறுப்பு. பெரிய சமையற்கட்டு ஒன்றுக்கு ஒரு நீராவிக் கொதிகலன் போக வேண்டியிருந்தது. ஆயிரம் பேருக்குச் சோறும் சாம்பாரும் ஆவியிலேயே வேகிற கொதிகலன். அதன் டிரம்முக்கு நீள ஜாயிண்ட் போட்டது யார்? நான். இந்தக் கை. எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்வது பெலிண்டா. அதோ, கடைசி வரிசையில் கதவுப் பக்கம் நிற்கிறதே, அந்தப் பெண்தான். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்.

படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், இங்க ஒரு கோடு தெரியுது சார். அடி பிடிக்கல போல. இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடலாமா சார்? அரை மணி நேரம்தான்."

நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கோடு இருந்தது. இருந்தது ஐயா! கண்ணால் பார்த்தேன். சுற்றிலும் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் முன்னால் நான் என்ன சொன்னேன்?

"அது ஃபிலிம்ல விழுந்த கீறல்மா. இரும்புல இல்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பாய்லர் ஒட்டினவன். எனக்கே படம் காட்டுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டல் வாங்கிப் பழகிய வாய் அல்லவா! அந்தப் பெண் முகம் செத்துப்போனது. படத்தில் கீறல் விழுவது உண்டுதான். கழுவும்போது நகம் பட்டால் விழும். எங்கள் தொழிலில் தப்பித்துக்கொள்ள அது ஒரு சந்து. உண்மையில் கீறலா என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு படம் எடுத்தால் போதும். நான் எடுக்கவில்லை. மறுநாள் அவளிடம், "எடுத்துப் பார்த்தாச்சும்மா, கீறல்தான்" என்று பொய் சொன்னேன். பிறகு அந்த ஜாயிண்டுக்கு மேலே 'பவுடர்' போட்டேன். மேலாக ஒரு பூச்சு வெல்டிங் வைத்துத் தேய்த்து மினுக்குவதற்கு எங்கள் பட்டறையில் அதுதான் பெயர். அதற்கு மேலே சூடு தாங்கும் பஞ்சைச் சுற்றி, தகரம் அடித்து, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

தம்பி சித்தார்த்தன் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "அங்கிள், இது இங்க வேண்டாம், தனியா பேசிக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, மன்னிக்கணும். தனியாகப் பேசிப் பேசித்தான் இது இந்த நிலைக்கு வந்திருக்கிறது. நவநீதனும் ஏதோ சொல்ல வருகிறார். கொஞ்சம் பொறுங்கள் நவநீதன், பேச்சு கோர்வையாக வரும்போது இடையில் கேட்காதீர்கள், முடித்துவிடுகிறேன்.

அன்றைக்குப் பிறகு பெலிண்டா என் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வைகாசி முழுக்க, ஆனி முழுக்க, என் பெயரில் ஒரு ரிப்பேர் கிடையாது! நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மரியாதை கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டேன். வெட்கக்கேடு!

ஆடியில் ஒரு நாள் அண்ணன் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "வீரா, ரெண்டு மாசமா உன் பேர்ல ஒரு ரிப்பேர்கூட இல்லையேடா."

"வேலை அப்படிண்ணே" என்றேன்.

"எனக்கே மாசம் ரெண்டு வருது. உனக்கு ஒண்ணுமே வரலன்னா, யாரோ சொல்ல பயப்படுறாங்கன்னு அர்த்தம்."

நேராகப் பெலிண்டாவிடம் போனார். பழைய படங்களை எல்லாம் எடுக்கச் சொன்னார். அந்தக் கோடு கிடைத்துவிட்டது. இன்னொரு படம் எடுத்ததற்கு ரிஜிஸ்டரில் பதிவே இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்தார். காது சிவக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"வா வீரா, சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

"முப்பது வருஷமா கூட நிக்கிறேன். என்னை நம்பலையாண்ணே?" என்று நான் எகிறினேன்.

"உன்னை நம்புறேன்டா. அந்த ஜாயிண்டைத்தான் நம்பல."

நான் வாதாடினேன். அந்தப் பெண்ணுக்கு அனுபவம் இல்லை என்றேன். படம் கழுவுகிற மருந்து சரியில்லை என்றேன். இரண்டு மாதம் ஓடிய கொதிகலன் இனி என்ன ஆகிவிடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விரிசல் ஒரே நாள்ல வாயைத் திறக்காது வீரா. ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஒரு நூல் நகரும். ஆடியில கல்யாணம் இல்ல, அதனால அது இப்போ ஆறிக் கிடக்கு. ஆவணி பொறந்து மறுபடி அடுப்பு ஏத்துறதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு. நான் சொன்னா உனக்கு மானக்கேடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கப்புறம் நான் போவேன்."

என் மானத்தைக் காப்பாற்ற அவர் கொடுத்த கெடு அது. அவர் செய்த ஒரே பிழையும் அதுதான் என்று இன்று சொல்வேன். அந்த வெள்ளிக்கிழமை வருவதற்கு முந்தின நாள் அவர் மூச்சு நின்றுவிட்டது!

அவர் பெட்டியை மூடும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுகிறது. அழுகை வந்தது. அழுகைக்கு அடியில், "இனி கேட்க ஆளில்லை, பெலிண்டாவும் பயந்து வாய் திறக்க மாட்டாள்" என்று ஒரு நிம்மதி வந்தது. அண்ணி, உங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேனே, அப்போது இதுவும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை.

ஏழு நாள் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பேச்சு எழுதினேன். இந்தப் பேச்சைத்தான் எழுதினேன். எப்படி ஆரம்பிப்பது, எங்கே குரலை இறக்குவது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். நேற்று ஸ்ரீரங்கத்தில் அந்த வாசல் வரைக்கும் போனேன். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டுப் பக்கம் காய்கறி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்கும் பெண்கள், அந்தக் கொதிகலன் இருக்கும் சுவரில் சாய்ந்தாற்போல உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு மேடையில் சொல்லிக்கொள்ளலாம், நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அண்ணனுக்குச் செய்கிற மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆமாம் நவநீதன். உங்கள் மண்டபம்தான். உங்கள் சமையற்கட்டில் நிற்கும் கொதிகலன்தான். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், நாளைக் காலை அதை ஏற்றாதீர்கள். முகூர்த்தச் சாப்பாட்டைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் சிலிண்டரும் எங்கள் பட்டறை ஆட்கள் கொண்டு வருவார்கள். கூட்டம் முடிந்ததும் நானே வந்து தகரத்தைப் பிரிக்கிறேன். பெலிண்டா படம் எடுக்கட்டும். என் பெயருக்கு நேரே ரிப்பேர் என்று அவளே எழுதட்டும்! இனி எங்கள் பட்டறையில் குறை சொல்ல வருகிறவரிடம் ஒருவனும் 'நீ யார்' என்று கேட்கக் கூடாது. இன்னாசிராஜ் தொடங்கிய அந்த வழியை நாங்கள் தொடர்வோம் என்று, அவர் படத்துக்கு முன்னால், உங்கள் எல்லோர் சாட்சியாக, நான் உறுதி...

என்ன நவநீதன்? இருங்கள், மைக்கைத் தருகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

கேட்டீர்களா? "அண்ணே, அப்போலேர்ந்து அதைத்தானேண்ணே சொல்ல வர்றேன், நீங்கதான் பொறுங்க, இடையில கேட்காதீங்கன்னீங்களே. மாப்பிள்ளை அழைப்புக்கே ஆயிரம் பேரு வந்துட்டாங்க, கேஸ் அடுப்பு பத்தலை. நாலு மணிக்கே பாய்லரை ஏத்தியாச்சுண்ணே" என்கிறார்.

நாலு மணிக்கா? இப்போது மணி என்ன? ஐந்தே முக்காலா?

ஐயோ! இருபது நிமிஷமா நான் இங்க நின்னு அலங்காரமா பேசிக்கிட்டு இருக்கேனே! முதல் வார்த்தையா சொல்லியிருக்க வேண்டியதை இழுத்து இழுத்து... நவநீதன், போன் போடுங்க. சமையல் மாஸ்டருக்குப் போடுங்க. பர்னரை நிறுத்தச் சொல்லுங்க, மெயின் ஸ்விட்ச் வெளிச் சுவர்லதான் இருக்கு. பச்சைத் தண்ணி உள்ள ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க, சட்டுனு குளிர்ந்தா விரிசல் பிளந்துடும். சமையற்கட்டுல ஒரு ஆள் இருக்கக் கூடாது, பாத்திரம் கழுவுற பொம்பளைங்களை முதல்ல வெளியேத்தச் சொல்லுங்க. என்ன, எடுக்கலையா? மேளச் சத்தத்துல கேட்காது. மறுபடி போடுங்க. ஆபீஸ் நம்பருக்குப் போடுங்க. சித்தார்த்தன் தம்பி, தீயணைப்புக்கு நீங்க போடுங்க, மண்டபம் பேரைச் சொல்லுங்க.

ஃபாதர், மௌன அஞ்சலி எல்லாம் இப்போ வேண்டாம் ஃபாதர். அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க, நான் அன்னைக்கு அந்த ஃபிலிமைப் பார்த்தப்பவே...

யாரு கத்துறது? பெலிண்டாவா?

"பேசினது போதும் சார்! ஸ்ரீரங்கம் போற பாலத்துல டிராஃபிக் ஏறிடும். கார் வாசல்ல நிக்குது, இறங்கி வாங்க!"

சரிம்மா. வந்துட்டேன்.